ஆண்டறிக்கை 2024–25: விடுதிச் சாமான் விற்பனை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கு, கொசு மருந்து, கழிவுநீர் அடைப்பு என்று மனு கொடுத்தோம். சிலது நடந்தது, சிலது இழுத்துக்கொண்டிருக்கிறது. பொங்கல் விழா நன்றாக நடந்தது. மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டது பக்கத்துக் கல்லூரி வளாகத்தில் நடத்திய பழைய சாமான் விற்பனைதான்.

கடைசி ஆண்டு மாணவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் விடுதியைக் காலி செய்கிறார்கள். மேசையையும் இரும்புக் கட்டிலையும் ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோகவா முடியும்? விடுதிக்குப் பின்புறம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இரும்பு காயலான் கடைக்கு எடைக்குப் போகும், மீதி லாரி ஏறி கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போகும். அங்கே பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, நல்ல மேசையைக் கொண்டுபோய் மேலே கொட்டுகிறோம். அந்தக் கிடங்கின் புகையும் நாற்றமும் வேறு யாருக்கும் இல்லை, நமக்குத்தான்.

சாமானுக்கும் பஞ்சமில்லை, வாங்க ஆளுக்கும் பஞ்சமில்லை. போகிறவர்கள் மே மாதம் போகிறார்கள், வருகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில் வருகிறார்கள். நடுவில் சாமானை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். பூட்டிய, ஈரம் படாத ஓர் அறை இருந்தால் பாதி வேலை முடிந்தது. அறை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவே ரொம்ப நாள் ஆனது. கடைசியில் பயன்படுத்தாத சைக்கிள் ஷெட் கிடைத்தது. சாவியைத் தம்மிடமே வைத்து, கேட்டபோதெல்லாம் திறந்துவிட்ட காவலாளி அண்ணனுக்கு நன்றி.

மெத்தை, தலையணை வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். மூட்டைப்பூச்சிதான் காரணம். கட்டிலையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. குழாய்க் காலின் அடியில் ரப்பர் மூடி கழன்றிருந்தால் பூச்சி உள்ளேதான் குடியிருக்கும். ஒவ்வொரு கட்டிலையும் சாய்த்து, மூட்டுகளிலும் குழாய்க்குள்ளும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, வெயிலில் காயவைத்தோம். ஒன்றிலிருந்து வெளியே வந்த கூட்டத்தைப் பார்த்து, உதவிக்கு வந்த மாணவர்கள் இருவர் மதியச் சாப்பாட்டையே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கழற்றி மாட்டும் மேசைகளில் வேறு தலைவலி. பலகையெல்லாம் இருக்கும், போல்ட் இருக்காது. போல்ட் இல்லாத மேசை விறகுக்குத்தான் ஆகும். இனிமேல் கழற்றும்போதே போல்ட், நட்டுகளை ஒரு கவரில் போட்டு மேசைக் காலிலேயே கட்டிவிடும்படி விடுதியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோம்.

இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று செயற்குழுவில் சிலர் வாதாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சும்மா கிடைக்கிற கட்டில் நேராகக் காயலான் கடைக்குப் போய்விடும். எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விலை வைத்தால், தேவைப்படுகிறவர்தான் வாங்குவார். அப்படியே செய்தோம். முதல் நாள் புது மாணவர்களுக்கு, மறுநாள் அக்கம்பக்கத்தாருக்கு.

மறுநாள்தான் கூட்டம் அதிகம். காசிமேட்டிலிருந்து வந்த ஓர் அக்கா, பத்தாவது படிக்கிற மகளுக்காக ஒரு படிப்பு மேசையைப் பார்த்தார். “நிக்குமா தம்பி இது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். பேரம் முடிந்தது, சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியும் வந்தது. ஆனால் மேசை அவர்கள் ஹவுசிங் போர்டு மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. மேசை திரும்பி வந்தது, மடக்கு மேசை ஒன்று போனது. அப்புறம் வருகிற எல்லோரிடமும் எத்தனையாவது மாடி, கதவு அகலம் எவ்வளவு என்று கேட்டுத்தான் விற்றோம். நம் பக்கத்து ஒற்றை அறை வீடுகளுக்கு மடக்குகிற எதுவும் உடனே போய்விடுகிறது. பெரிய புத்தக அலமாரிகள்தான் தேங்கின.

தேங்கியதை அடுத்த ஆண்டுக்கு வைத்திருந்தோம். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தது. ஷெட்டுக்குள் தண்ணீர் ஏறி, மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகள் ஊறி, ஓரமெல்லாம் உப்பி உதிர்ந்துவிட்டன. அதே தண்ணீரில் நின்ற தேக்கு நாற்காலிகளைத் துடைத்துக் காயவைத்ததோடு சரி. இரும்புக்கு, கடற்காற்றுக்கும் சேர்த்து, துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தோம். ஆகவே மரத்தூள் பலகைச் சாமானை செப்டம்பருக்குள் தள்ளிவிட வேண்டும், வாங்குகிறவர் கேட்கிற விலைக்கே கொடுத்தாலும் சரி என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். ஷெட்டுக்குள் செங்கல் அடுக்கித் தரையை உயர்த்தப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். தச்சு வேலை தெரிந்த உறுப்பினர்கள் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் வந்தால், ஆடுகிற நாற்காலிகளைக் கூலி கொடுக்காமல் சரிசெய்யலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

விற்பனையின் வரவு செலவைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார்.

செயலாளர்