படிக்க ஆள் வேண்டும்

ஐயா,

மாணவர் எழுதும் கட்டுரையை ஆசிரியர் ஒருவர்தான் படிக்கிறார். சிவப்பு மையில் ஒரு கையெழுத்து, அதோடு சரி. 'பொங்கல் திருநாள்' கட்டுரை குறிப்புச்சட்டகம் முதல் முடிவுரை வரை வகுப்பு முழுக்க ஒரே நோட்ஸிலிருந்து வருவதில் வியப்பென்ன?

பிரான்சில் செலஸ்தேன் ஃபிரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1920களிலேயே சிறு அச்சு இயந்திரம் ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சுக் கோத்து, வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் எழுதி அனுப்பினார்கள். முகம் தெரியாத ஒருவன் படிக்கப்போகிறான் என்றால், பிழை திருத்தச் சொல்லி யாரும் அதட்ட வேண்டியதில்லை.

நம் பள்ளிக் கல்வித் துறை 2022இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' சிறார் இதழ்களைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் மாநிலம் முழுமைக்குமான இதழில் எத்தனை பிள்ளைகளுக்கு இடம் கிடைத்துவிடும்? கணினிகள் கொண்ட ஹைடெக் ஆய்வகம் உள்ள பள்ளிகள் வகுப்புக்கொரு வலைப்பூ தொடங்கலாம். மற்ற இடங்களில் கையெழுத்து இதழே போதும். தங்கள் ஏரியின் வரத்துக்கால்வாய் ஏன் தூர்ந்தது என்று ஏழாம் வகுப்புப் பெண் எழுதட்டும், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் படிக்கட்டும். முழுப்பெயரும் புகைப்படமும் மட்டும் வேண்டாம். மதிப்பெண்ணும் கூடாது; போட்டால் அதற்கும் நோட்ஸ் வந்துவிடும்.

- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விழுப்புரம்