நான் தலைகீழாகப் போட்ட அம்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பத்தாவது படிக்கும்போது நுரையீரல் மீனைப் பற்றிக் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? ஒரு தாளில் படம் போட்டு, மீனின் காற்றுப்பைதான் மெல்ல மெல்ல நுரையீரலாக மாறியது என்று சொல்லிக்கொடுத்தேன். போன வாரம் பழைய நோட்டுகளைக் கிளறும்போது அந்தத் தாள் கிடைத்தது. அம்பு தலைகீழாக இருக்கிறது. இத்தனை வருஷம் விலங்கியல் நடத்தியவன் செய்த தப்பு, உன்னிடமாவது திருத்திவிடுகிறேன்.

ஒரு சின்ன ஆறுதல், 1859இல் டார்வினும் அப்படித்தான் எழுதியிருந்தார். உண்மையில் முதலில் வந்தது நுரையீரல். எலும்பு மீன்களின் ஆதி மூதாதைகளுக்கே எளிய நுரையீரல் இருந்தது. பின்னால் வந்த பெரும்பாலான மீன்களில் அது மிதப்பதற்கான காற்றுப்பையாகிவிட்டது. நுரையீரல் மீன் போன்ற சில மட்டும் பழைய உறுப்பைப் பழைய வேலைக்கே வைத்துக்கொண்டன.

இதற்குச் சாட்சி கருவளர்ச்சியில் இருக்கிறது. காற்றுப்பை முன்குடலின் முதுகுப் பக்கம் முளைக்கும். நம் நுரையீரல் வயிற்றுப் பக்கம் முளைக்கும். ஆஸ்திரேலிய நுரையீரல் மீனை அறுத்துப் பார்த்தால், அதன் ஒற்றை நுரையீரல் காற்றுப்பை மாதிரியே முதுகோரமாகக் கிடக்கும். அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதன் குழாயைத் தொடர்ந்து போனால், உணவுக்குழாயை வலப்பக்கமாகச் சுற்றிவந்து அடிப்பக்கத்தில் திறக்கிறது. அடியில் முளைத்து மேலே குடிபோன உறுப்பு அது. எனக்கு இந்த வளைந்த குழாயைவிடப் பிடித்த ஆதாரம் வேறு எதுவும் இல்லை.

அந்தப் படத்தில் இன்னொரு தப்பும் உண்டு. நுரையீரல் மீனிலிருந்து தவளைக்கு ஒரு அம்பு போட்டிருந்தேன். அது நம் மூதாதை இல்லை, உறவுக்காரர். இன்று உயிரோடிருக்கும் மீன்களில் நாலுகால் விலங்குகளுக்கு மிக நெருங்கிய சொந்தம் இதுதான். சீலகாந்த் என்ற பழங்கால வகை மீன் கூட அடுத்த படிதான்.

இப்போது மிஞ்சியிருப்பவை 6 இனங்கள்: ஆப்பிரிக்காவில் 4, தென்னமெரிக்காவில் 1, ஆஸ்திரேலியாவில் 1. அறிவியல் உலகுக்கு ஆஸ்திரேலிய மீனை 1870இல் விலங்கியலாளர் கிரெஃப்ட் அறிமுகப்படுத்தினார். அதன் முட்டைகளைத் தேடி ரிச்சர்ட் சேமோன் 1891இல் ஜெர்மனியிலிருந்து குயின்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றுக்கே போனார். தென்னமெரிக்க மீனுக்காக கிரஹாம் கெர் 1896இல் பராகுவேயின் சாக்கோ சதுப்புகளுக்குப் போனார். மீன் முட்டைக்காகக் கடல் தாண்டிய காலம்!

அப்படி என்ன விசேஷம் என்பாய். ஆஸ்திரேலிய மீன் நீர்ச்செடிகளில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சுக்கு வெளிச்செவுள் கிடையாது. பெரிய உருமாற்றம் எதுவும் இல்லாமல் அப்படியே வளரும். ஆப்பிரிக்க, தென்னமெரிக்க வகைகளின் குஞ்சுகளோ இறகு போன்ற வெளிச்செவுள்களோடு தலைப்பிரட்டைக்குத் தம்பி மாதிரி இருக்கும். அவற்றைக் காவல் காப்பது அப்பா. தென்னமெரிக்க ஆண் மீனின் இடுப்புத் துடுப்பில் அந்தப் பருவத்தில் மட்டும் ரத்தநாளம் நிறைந்த இழைகள் முளைக்கும். தன் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அவற்றின் வழியே கூட்டுக்குள் விடுகிறது என்று கருதுகிறார்கள். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம் சேற்றுத் தூக்கம். எல்லா நுரையீரல் மீனும் சேற்றில் உறங்கும் என்று வருஷா வருஷம் விடைத்தாளில் எழுதுவார்கள். ஆஸ்திரேலிய மீனுக்கு அது தெரியாது; நீர் வற்றினால் செத்துப்போகும். செவுளே அதற்குப் பெரும்பாலும் போதும், நுரையீரல் அவசரத்துக்குத்தான். ஆப்பிரிக்க மீனின் கதை நேரெதிர். வளர்ந்தபின் மேலே வந்து காற்றுக் குடிக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். வறட்சி வந்தால் சேற்றைத் தோண்டி இறங்கி, உடல் சுரக்கும் கோழையாலேயே உறை கட்டிக்கொண்டு, சொந்தத் தசையைக் கரைத்துப் பிழைத்துக் கிடக்கும். உள்ளே அம்மோனியா சேர்ந்தால் விஷம் என்பதால் அதை யூரியாவாக மாற்றி வைத்துக்கொள்ளும். மழை வந்து உறை நனைந்தால் எழுந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இது உன் துறை. ஆஸ்திரேலிய மீனின் மரபணுத்தொகுதியை 2021இல் வெளியிட்டார்கள்: சுமார் 4,300 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். 2024இல் தென்னமெரிக்க மீனுடையது 9,100 கோடி, நம்முடையதைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. பெரும்பகுதி தன்னைத்தானே நகலெடுக்கும் தாவும் மரபணுக்களாம். செல் பிரியும்போதெல்லாம் இவ்வளவையும் நகலெடுத்துக்கொண்டு இந்த மீன் எப்படித்தான் காலம் தள்ளுகிறது? ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். படம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது, அம்பு சரியாக இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா