கேள்வி கேக்காம வந்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல இருக்க முடியாம வந்த டீன் ஏஜ் பசங்க தங்கற எங்க ஹோமுக்கு ஒதவி பண்ணினவங்களுக்கு நன்றி எழுதணும் எழுதணும்னு ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், இன்னைக்கு நைட் ட்யூட்டில பசங்க எல்லாம் அமைதியா இருக்கறதால உக்காந்துட்டேன், கோர்வையா இல்லன்னா மன்னிச்சுக்குங்க. யார் பேரும் போடல. இங்க தங்கியிருக்கற பசங்க பேர் போடக்கூடாது, அவங்க பேர் இல்லாதப்ப நம்ம பேர் மட்டும் எதுக்குன்னு விட்டுட்டேன், படிச்சா நீங்கதான்னு உங்களுக்கே தெரியும்.

மொதல்ல பாத்ரூம் தாழ்ப்பாள் போட்ட அண்ணனுக்கு. நாங்க நாலஞ்சு குடும்பம் சேந்து இந்த வீட்ட ஆரம்பிச்சப்ப கட்டில், மெத்தை, பீரோன்னு பெருசு பெருசா யோசிச்சோமே தவிர, பாத்ரூம் கதவு சரியா சாத்தலங்கறத ஒரு விஷயமாவே எடுத்துக்கல. வந்த மொத வாரம் ஒரு பொண்ணு மூணு நாள் குளிக்கல, நாங்க அடம் பிடிக்கறான்னு நெனச்சோம், நான் ஒரு தடவ குரல ஒசத்திட்டேன் வேற (அதுக்கு அவகிட்ட அப்புறம் ஸாரி கேட்டுட்டேன்). நீங்க வந்தது குழாய் ரிப்பேருக்கு. கதவ ரெண்டு தடவ ஆட்டிப் பாத்துட்டு "இதுல எப்படிங்க பொம்பளப்புள்ள குளிக்கும்"னு கேட்டுட்டு சாயங்காலமே தாழ்ப்பாளோட வந்தீங்க, உள்ள இருந்து பூட்டிக்கலாம், அவசரம்னா வெளிய இருந்து ஒரு காச வெச்சு திருப்பி தெறந்துடலாம், அந்த மாதிரி ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி அவ முக்கா மணி நேரம் குளிச்சா, டேங்க் காலி. யாரும் ஒரு வார்த்த சொல்லல.

அடுத்து டாக்டரம்மா. 10 மணிக்கு லைட் ஆஃப்னு நாங்க ஒரு ரூல் வெச்சு தினம் சண்ட போட்டுட்டு இருந்தோம். நீங்கதான் உக்கார வெச்சு சொன்னீங்க, இந்த வயசுல தூக்கத்த கொண்டு வர்ற மெலடோனின் லேட்டாதான் சொரக்கும், ஆனா 8 மணி நேரத்துலேந்து 10 மணி நேரம் தூக்கம் தேவ, அது போக வீட்ல ராத்திரிலதான் அடி வாங்கியிருக்கும்னா அந்தப் புள்ளைக்கு இருட்டே எதிரின்னு. இப்ப நேரத்த தள்ளி வெச்சிருக்கோம், வராண்டால சின்ன லைட் ஒண்ணு விடிய விடிய எரியுது. சண்ட முழுசா நின்னுடுச்சான்னா இல்ல, பாதியாச்சும் கொறஞ்சிருக்கு.

சமையல் அக்கா, உங்களுக்கு நன்றின்னு சொன்னா திட்டுவீங்க, இருந்தாலும் சொல்றேன். ஒரு பையன் தினம் சாப்பாட்ல பாதிய பேப்பர்ல மடிச்சு தலகாணிக்குள்ள வெச்சான், எறும்பு வந்தப்பதான் தெரிஞ்சுது. நான் அத பிடுங்கி குப்பைல போடப் போனேன். நீங்க தடுத்து, மூடி போட்ட டப்பா ஒண்ண அவன் கைல கொடுத்து "இது ஒனக்குதான், காலியானா சொல்லு, ரொப்பித் தரேன்"னு மட்டும் சொன்னீங்க. மொத ரெண்டு வாரம் தினம் ரொப்பினீங்க. அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருதரம். இப்ப அதுல கலர் பென்சில் இருக்கு.

கட்டில் செஞ்சு கொடுத்த ஆசாரி ஐயாவுக்கு. 15 வயசுப் பொண்ணு, கூட 9 வயசுத் தம்பி. இது டீன் ஏஜ் பசங்களுக்கான எடம், தம்பிய வேற ஹோம்ல விடுங்கன்னு நாலு பேர் சொன்னாங்க. பெத்தவங்க பராமரிப்பு இல்லாத பசங்களுக்காக 2009-ல ஐநா பொதுச்சபை ஏத்துகிட்ட வழிகாட்டுதல்லயே கூடப்பொறந்தவங்கள கூடுமான வரைக்கும் பிரிக்காதீங்கன்னு தான் இருக்கு, அதெல்லாம் எடுத்துச் சொல்லி பர்மிஷன் வாங்கிட்டோம், ஆனா பர்மிஷன் மேல படுக்க முடியாதே. நீங்க ஒரே நாள்ல மேல கீழ வெச்ச கட்டில் ஒண்ணு அடிச்சுக் கொடுத்தீங்க. மேல ஏறிப் படுக்கறது அக்கா. தம்பி ராத்திரில காலால பலகைய ஒரு தட்டு தட்டுவான், மேலேந்து அவ ஒரு தட்டு தட்டுவா, அப்புறம்தான் தூங்குவான்.

ரிடயர்டு டீச்சர் ஒருத்தங்க. ஒரு ஸ்கூல்ல எங்க பொண்ணு ஒருத்திய சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க, ஹோம்ல இருக்கற புள்ளன்னா பிரச்சனை வருமாம், எழுதறப்ப இப்பவும் பத்திக்கிட்டு வருது. டீச்சர் அஞ்சு தடவ நடந்தாங்க. கத்தல, கெஞ்சல, போய் வாசல் பெஞ்ச்ல உக்காந்துட்டாங்க, அவ்ளோதான். அஞ்சாவது தடவ அட்மிஷன் ஃபாரம் கைக்கு வந்துச்சு.

அப்புறம் அந்த ஆஃபீஸ் நண்பர்கள். நாங்க கேட்டது புது உள்ளாடையும் நல்ல ஜிப் வெச்ச பையும். கேக்கறதுக்கே கூச்சமா இருந்துச்சு. பழைய சட்ட எல்லாரும் மூட்ட மூட்டயா தருவாங்க, ஆனா இந்தப் புள்ளைங்க பாதிப் பேரு துணிய பிளாஸ்டிக் கவர்ல சுருட்டிட்டு வந்தவங்க, இங்கேந்து போறப்பவாச்சும் பையோட போகட்டும்னு தோணுச்சு. சைஸ் வாரியா பிரிச்சு, பேர் எழுதாம கொண்டு வந்தீங்க. பசங்களோட போட்டோ எடுக்க முடியாதுன்னு சொன்னப்ப ஒருத்தர் மூஞ்சி லேசா சுருங்குச்சு, நான் பாத்தேன், இனிமே வர மாட்டாருன்னே நெனச்சேன். அவருதான் இன்னைக்கு மாசத்துல ரெண்டு சனிக்கிழமை நைட் ட்யூட்டிக்கு வர்றாரு. எப்பவும் ரெண்டு பெரியவங்க முழிச்சிருக்கணும், யாரும் ஒரு புள்ளயோட தனியா ரூம்ல இருக்கக்கூடாதுங்கறது எங்க ரூல், ஒரு ராத்திரி ஆளில்லன்னா நாங்க எவ்ளோ தவிப்போம்னு அவருக்குத் தெரியும்.

வாடகைக்கு ரூம் கொடுத்த பாட்டி. 1989 ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கைல குழந்தைன்னா 18 வயசுக்குக் கீழன்னு இருக்கு, 18-வது பர்த்டே அன்னைக்கே அந்தப் பையன் பெரிய மனுஷனாம், இங்கேந்து கெளம்பணும். கேக் வெட்டறப்ப அவன் மொகத்த பாத்திருக்கணும் நீங்க. பாட்டி அட்வான்ஸ் கேக்கல, அப்பா யாரு, ஏன் வீட்ட விட்டு வந்தேன்னு எதுவும் கேக்கல, "ராத்திரி லேட்டா வந்தா கேட்ட சத்தமில்லாம சாத்து"ன்னாங்க. சாத்தறானான்னு எனக்கு போன் பண்ணி சொல்லுங்க பாட்டி.

இன்னும் நெறய பேர் இருக்கீங்க, விட்டுப்போனவங்க கோச்சுக்காதீங்க. ஒரு விஷயம், போன வாரம் யாரோ சாப்பாடு கொண்டு வந்த பெரிய பாத்திரம், மூடில சின்ன நசுங்கல் இருக்கும், இங்கயே கெடக்கு. யாரோடதுன்னு தெரியல. கழுவி வெச்சிருக்கோம், வந்து எடுத்துக்குங்க.