சுண்ணாம்பாற்றில் பெடல் படகு எடுத்த எங்களுக்கு உதவிய அண்ணனுக்கு நன்றி

புதுச்சேரி நோணாங்குப்பம் படகுத் துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணே, உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டோம். பதிவு உங்கள் கண்ணில் பட்டால் சந்தோஷம்.

படகில் ஏறுமுன் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தீர்கள். காது வரை ஏறினால் பெல்ட் தளர்வு, தண்ணீரில் விழுந்தால் கழன்றுவிடும் என்றீர்கள். எடையுள்ள ஆட்கள் ஒரே பக்கம் உட்கார்ந்தால் படகு நேராகப் போகாது. சுக்கானைத் திருப்பித் திருப்பியே ஓய்ந்துபோவோம். இதெல்லாம் டிக்கெட் கொடுப்பவர் சொல்லவேண்டியது!

பெரிய உதவி நடு ஆற்றில். பெடல் திடீரென்று கெட்டியானதும், "மிதிக்காதீங்க, செயின் நழுவிடும்" என்று கரையிலிருந்தே கத்தினீர்கள். துடுப்புச் சக்கரத்தில் அறுந்த நைலான் வலை. பின்பக்கமாக மெதுவாக மிதிக்கச் சொன்னீர்கள். சுற்றியது பாதி அவிழ்ந்தது. மீதியை உங்கள் கட்டுமரத்தில் வந்து கத்தியால் அறுத்தெடுத்தீர்கள். காசும் வாங்கவில்லை.

அந்த அண்ணன் சொன்ன இன்னொன்று எல்லோருக்கும்: தண்ணீர் வடியும் நேரத்தில் முகத்துவாரம் பக்கம் போகக்கூடாது. ஆறு கடலுக்கு இழுக்கும், மிதித்துத் திரும்புவது கஷ்டம். துறையில் கட்டியிருக்கும் படகுகள் எந்தப் பக்கம் இழுபடுகின்றன என்று பார்த்தாலே நீரோட்டம் தெரிந்துவிடும்.