அங்கே மாலை 5 மணி

சுங்கை சிப்புட், மலேசியா,
டிசம்பர் 12

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டொராண்டோவில் நாலே முக்காலுக்கே இருட்டிவிடுகிறது, வேலை விட்டு வந்தால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது.

இங்கே நல்ல சேதி ஒன்று. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மார்கழிப் பஜனை மறுபடியும் தொடங்குகிறது. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்ததும், லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனம் பாதி டவுனுக்குப் போனது, பஜனையும் நின்றது. இப்போது அவர்கள் பிள்ளைகளே வந்து பாடிப் பழகுகிறார்கள்.

விடாத மழை. டோலக் தோல் ஈரத்தில் தளர்ந்து தொப் தொப்பென்கிறது. பொங்கல் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, தட்டிப் பார்த்துத் திருப்பித் திருப்பி வைக்கிறோம். திடீரென்று கணீரென்று பேசும்போது பிள்ளைகள் முகத்தை நீ பார்க்க வேண்டும்! ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அழுத்தினால் எழுவதில்லை. ஒரு பையன் அதைச் சுண்டுவிரலால் தூக்கிவிட்டுக்கொண்டே வாசிக்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மாதா கோயில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடப் போவதும் இதே டோலக்கோடுதான்.

திருப்பாவை 30 பாட்டு, நாளுக்கு ஒன்று. 6-ஆம் பாட்டிலிருந்து 15 வரை ஆண்டாள் வாசல் வாசலாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறாள். அந்த 6-ஆம் பாட்டு வருவது டிசம்பர் 21 வாக்கில், உங்கள் ஊரில் பகல் மிகவும் சுருங்கிக் கிடக்கும் சமயம்.

நாங்களும் இருட்டில்தான் பாடுகிறோம். நாம் பள்ளியில் படித்தபோது, 1982-இல், இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே, அதனால் டிசம்பரில் ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. பஜனை காலை 6 மணிக்கு. உனக்கு அப்போது முந்தின நாள் மாலை 5. அதாவது உனக்கு இருட்டு கவியும் அதே நேரம்! இது உறைத்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, மச்சான்.

பாட்டு எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்று சொல்லமாட்டேன். இப்படியே இருந்தால் டாக்டரையும் போய்ப் பார். ஆனால் தனியாகக் கேட்பது வேறு, கூடச் சேர்ந்து பாடுவது வேறு. மற்றவர்கள் மூச்சு எடுக்கும் இடத்தில் நீயும் எடுத்தாக வேண்டும். ஒடுங்கி உட்கார அது விடாது.

முதல் பாட்டு 16-ஆம் தேதி காலை. உனக்கு 15 மாலை. வாட்ஸ்அப்பில் கூப்பிடுவேன், மைக்கை அடைத்து வைக்காதே. மகளையும் பக்கத்தில் உட்கார வை, வரிகளைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அப்புறம், தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்