கட்டுரை திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

மாணவர் கட்டுரையில் 'நான்' என்று வந்தாலே சிவப்பு மையால் அடித்து, 'சொந்தக் கதை வேண்டாம்' என்று ஓரத்தில் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அண்மையில் வேறோர் ஆசிரியர் திருத்திய கட்டுரை ஒன்றைப் பார்த்தேன். தலைப்பு முதுமை. முதல் பத்தி முழுக்க 'முதியோர் அனுபவக் களஞ்சியம்' என்பது போன்ற வரிகள். இரண்டாம் பத்தியில் அந்த மாணவி தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். பாட்டிக்குப் பார்வை மங்கல். மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் பிரிப்பார். ஒரு மாதம் மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகிவிட்டது. பாட்டி பயந்துபோய் அதைத் தொடவே இல்லை. இந்தப் பத்தியின் மேல் குறுக்குக் கோடு. முதல் பத்திக்கு 'சரி'.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. அந்தக் கட்டுரையில் தகவல் என்று இருந்ததே இரண்டாம் பத்தியில்தான். ஒரே மருந்தை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு நிறத்தில், வடிவில் தயாரிக்கின்றன. 'இது மற்றவர்களுக்கும் நடக்கிறதா? மருந்தாளுநரிடம் கேட்டு எழுது' என்று ஒரு வரி குறித்திருந்தால், அவள் கேட்டு எழுதியிருப்பாள்.

கட்டுரை வடிவத்துக்கு ‘எஸ்ஸே’ (essay) என்ற பெயரைத் தந்த பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் 1580இல் வெளியிட்ட நூலுக்குத் தன்னையேதான் பொருளாகக் கொண்டார். சிறுநீர்க் கல்லால் தான் பட்ட வலியையும் எழுதினார், கூடவே பழைய லத்தீன் ஆசிரியர்களையும் மேற்கோள் காட்டினார். 1597இல் வந்த ஆங்கில எழுத்தாளர் பேக்கனின் கட்டுரைகளில் 'நான்' தலைகாட்டுவதே அரிது. இரண்டையும் கட்டுரை என்றுதான் படிக்கிறோம்.

ஆய்வக அறிக்கையில் பாட்டி வேண்டியதில்லை, சரி. ஒரு பாட்டியை வைத்து 'எல்லா முதியோரும் இப்படித்தான்' என்று முடித்தால் தாராளமாக மதிப்பெண்ணைக் குறையுங்கள். உருக்கமாக எழுதினாலே அள்ளிக் கொடுப்பவர்களும் நம்மில் உண்டு, அதுவும் தப்புதான். ஆனால் எந்த ஆய்வு என்றே சொல்லாமல் 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று எழுதுபவரையும் அதே கண்டிப்போடு கேளுங்கள்: உனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ஒரு வேண்டுகோள். சொந்த அனுபவத்தை எழுதலாமா, கூடாதா என்பதைத் தலைப்பு கொடுக்கும்போதே தாளில் அச்சிட்டுவிடுங்கள். இப்போது மதிப்பெண் குறைந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு அந்த விதியே தெரியவருகிறது.

அன்புடன்,
உங்களைப் போலவே கட்டுரை திருத்தும் ஓர் ஆசிரியர்