கழன்று விழும் மூன்று கலர்: செந்தூல் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செந்தூல் அக்காவுக்கு,

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குச் செய்த மூன்று கலர் ஐஸ்கிரீமின் படத்தைப் பார்த்தேன். தட்டில் சாக்லேட் ஒரு பக்கம், வெனிலா ஒரு பக்கம், ஸ்ட்ராபெரி ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கிறது. ஃபிரீசர் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். ஓர் அடுக்கை ராத்திரி முழுக்க உறைய வைத்துவிட்டு மறுநாள் அடுத்ததை ஊற்றியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அதில்தான்.

உங்கள் செந்தூல் இருக்கும் கோலாலம்பூர்க் காற்றில் எப்போதும் ஈரம். இறுகிய ஐஸ்கிரீமை வெளியே எடுத்த மறுநொடி அந்த ஈரம் அதன் மேல் மெல்லிய உறைபனியாகப் படிந்துவிடும். அதன் மேல் ஊற்றும் அடுக்கு கீழே உள்ளதைத் தொடுவதே இல்லை, பனியின் மேல்தான் உட்காருகிறது. கத்தி பட்டதும் கழன்று வராமல் என்ன செய்யும்? அடுத்த அடுக்கை ஊற்றச் சரியான நேரம், ஓரங்கள் கெட்டியாகி, நடுவில் விரலால் அழுத்தினால் லேசாகக் குழி விழும் பதம். வீட்டு ஃபிரீசரில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பதம் வரும். அதுவரை பிளாஸ்டிக் உறையை ஐஸ்கிரீமின் முகத்தில் ஒட்டினாற்போல் போட்டு வையுங்கள். ஊற்றும் நிமிடத்தில்தான் உரிக்க வேண்டும். மறந்துபோய்க் கல்லாகிவிட்டால், ஃபிரீசருக்கு வெளியே, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்து, மேற்பரப்பை முள்கரண்டியால் கீறிவிட்டு ஊற்றுங்கள்.

இரண்டாவது குறை: ஸ்ட்ராபெரி ஐஸ்கட்டி மாதிரி நறநறக்கிறது, சாக்லேட்டில் கரண்டி இறங்கவில்லை, வெனிலா மட்டும் நன்றாக இருக்கிறது. ஒரே கலவையை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் பழம், ஒன்றில் கொக்கோ என்று போட்டால் இப்படித்தான் ஆகும். பழத்தில் பெரும்பகுதி தண்ணீர், அது பளிங்குபோல் உறையும். கொக்கோத் தூள் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதிலுள்ள கொழுப்பும் குளிரில் இறுகும். உறைவதைத் தாமதப்படுத்துவது சர்க்கரை. அதனால் அடுக்குக்கு அடுக்கு அளவு மாற வேண்டும். இனிப்பு நாக்குக்கு மட்டுமல்ல, பதத்துக்கும் சேர்த்துத்தான்.

மூன்றுக்கும் பொது, அடுக்குக்கு 200 மில்லி விப்பிங் கிரீம். பெட்டியில் 35 சதவீதம் பால் கொழுப்பு என்று இருக்க வேண்டும். கேக் சாமான் கடையில் விற்கும் டாப்பிங் கிரீம் தாவரக் கொழுப்பு. எளிதாக நுரைக்கும், ஆனால் வாயில் கரையாமல் மெழுகாக ஒட்டும். டின்பாலிலும், அதாவது சர்க்கரை சேர்த்த கெட்டிப்பாலிலும், கவனம். நம் ஊரில் தே தாரேக்கு, அதாவது இழுத்து ஆற்றும் பால் தேநீருக்கு, போடும் டின்களில் பல, பெயரில் 'கிரிமர்' என்றே இருக்கும். உள்ளே செம்பனை எண்ணெய். மலாயில் கெட்டிப்பால் என்று பொருள்படும் 'சூசு பெக்காட்' என்று அச்சிட்டதைத் தேடி வாங்குங்கள்.

சாக்லேட்டுக்கு 20 கிராம் கொக்கோவை 50 மில்லி கொதிநீரில் குழைத்து, 150 கிராம் டின்பாலோடு சேர்த்து முழுதாக ஆற விடுங்கள். இளஞ்சூடு இருந்தாலும் கிரீம் நுரை படுத்துவிடும். வெனிலாவுக்கு 130 கிராம் டின்பால், ஒரு தேக்கரண்டி வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான்.

ஸ்ட்ராபெரிக்குத்தான் பொறுமை வேண்டும். 250 கிராம் பழம், 30 கிராம் சர்க்கரை. மசித்து, அகலமான சட்டியில் சிறு தீயில் கிண்டி 120 கிராமாக வற்றவிடுங்கள். கண்ணளவு வேண்டாம், சட்டியோடு தராசில் வைத்துப் பாருங்கள். கேமரன் மலைப் பழம் பெரும்பாலும் புளிக்கும். உறைந்த பாக்கெட் பழம் எனக்கு ஆட்சேபணை இல்லை, இளகி வரும் சாற்றையும் சேர்த்தே காய்ச்சுங்கள். நன்றாகக் குளிர்ந்ததும் 100 கிராம் டின்பால். நிறம் வெளிறித்தான் இருக்கும். ரோஸ் சிரப் ஊற்றலாமா என்றால் ஊற்றலாம், ஆனால் அது பண்டோங் (ரோஸ் சிரப் கலந்த பால்) ஐஸ்கிரீம் ஆகிவிடும்.

கிரீமை மொத்தமாக அடிக்காமல், ஒவ்வொரு அடுக்குக்கும் ஊற்றுவதற்குச் சற்று முன்பு அடியுங்கள். பாத்திரமும் பீட்டர் கம்பியும் ஃபிரீசரில் 15 நிமிடம் இருக்கட்டும். கிரீம் நேராகக் குளிர்பெட்டியிலிருந்து வரட்டும். கம்பியைத் தூக்கினால் நுனி வளைந்து விழும் பதத்தில் நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் வெண்ணெய் திரளத் தொடங்கும், உறைந்த பிறகு நாக்கில் பிசுக்காகத் தெரியும். முதலில் ஒரு கரண்டி நுரையை டின்பால் கலவையில் கலந்து இளக்கி, மீதியை மடித்து மடித்துச் சேர்க்க வேண்டும்.

அச்சுக்கு 23க்கு 13 சென்டிமீட்டர் ரொட்டி டின், தகரத்தில். பிளாஸ்டிக் டப்பாவில் மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் பனித்துகள் பெரிதாகும். பேக்கிங் தாளை இரண்டு பக்கமும் வெளியே தொங்கும்படி விரியுங்கள், தூக்கப் பிடி கிடைக்கும். கனமான சாக்லேட் அடியில், பிறகு வெனிலா, மேலே ஸ்ட்ராபெரி. ஃபிரீசர் கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே தரையோடு ஒட்டி வையுங்கள். பெலாச்சான் (இறால் விழுது) பொட்டலத்தை அன்றைக்கு வேறெங்காவது குடியேற்றிவிடுங்கள், பால் கொழுப்பு எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். வெனிலாவுக்குப் பதில் டுரியான் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக. ஆனால் பிறகு மூன்று அடுக்கும் டுரியான்தான்.

இந்த மூன்றடுக்குக்கு நேப்பிள்ஸ் நகரத்தின் பெயர் வந்தது இத்தாலியரால். ஆனால் 1839-இலேயே பிரஷ்ய அரண்மனைச் சமையல்காரர் யுங்கியுஸ், பியூக்லர் பிரபு பெயரில் மூன்றடுக்கு ஐஸ்கிரீம் குறிப்பு எழுதியிருக்கிறார். ஃபிரீசர் இல்லாத காலம் அது. நீங்கள் தைரியமாக இறங்கலாம்.

கடைசி அடுக்கு ஊற்றி எட்டு மணி நேரம் கழித்து வெட்டுங்கள். அதற்கு முன் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம். மேசையில் வைத்தால் ஓரம் வழியும், நடு கல்லாகவே இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு இறக்குங்கள். மோட்டார் சைக்கிள் ஐஸ்கிரீம்காரர் தருவது மாதிரி ரொட்டிக்குள் வைத்தும் கொடுக்கலாம், பிள்ளைகள் அதைத்தான் கேட்கும். மின்சாரம் போய் முழுதாக உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்காதீர்கள்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது நடுத்துண்டை எடுத்து அனுப்புங்கள் அக்கா. ஓரம் முதலில் உறைவதால் அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து தம்பி